மெட்டு: மாமியார்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, வெளியாட்களுக்குத் தெரியாது. ஆலயத்தில் பாடும் ஞானப்பாட்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர்கள். பாட்டின் முதல் வரி ஒன்று, அது ஊரறிந்தது. இன்னொன்று மெட்டின் பெயர். பாட்டுப் புத்தகத்தில் வலது ஓரமாக, எறும்பு அளவு எழுத்தில் அச்சாகியிருக்கும். பாட்டு எழுதியவன் தலைகீழாக நின்றாலும் அந்தப் பெயரில் கை வைக்க முடியாது. மெட்டுப் போட்டவர் வைத்ததுதான் பெயர்.

எங்கள் குடும்பத்தில் மெட்டுப் போடுகிறவர் என் சகலை. பாட்டு எழுதுகிறவன் நான். மூத்த மகளை அவர் கட்டினார், இளைய மகளை நான் கட்டினேன், இரண்டு பேரும் ஒரே ஆலயத்துக்கு உழைக்கிறோம். அவர் ஆர்கன் வாசிப்பவர். விரல்கள் தங்கம், ஆனால் பெயர் வைக்கிற விஷயத்தில் மட்டும் கடவுள் அவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. பல் பிடுங்கிய அன்று போட்ட மெட்டுக்குப் பெயர் 'பல்வைத்தியர்'. லிப்ட் கெட்டுப்போய்ப் படியேறிச் செத்த வாரத்தில் போட்டது 'நான்காம் மாடி'. 'ஈரத் துவாலை' என்று ஒன்று உண்டு. அதன் வரலாற்றைச் சொல்ல மறுக்கிறார். நான் நெஞ்சு கரைந்து எழுதிய சிலுவைப் பாட்டு ஒன்று, 'மெட்டு: பல்வைத்தியர்' என்ற அலங்காரத்தோடுதான் இன்றைக்கும் புத்தகத்தில் இருக்கிறது. எனக்கு வந்த வாழ்வு அப்படி.

சகலையின் மனைவி பெயரில் ஒரு மெட்டு, என் மனைவி பெயரில் ஒரு மெட்டு, பக்கத்து வீட்டு நாயின் பெயரில்கூட ஒரு மெட்டு வந்தாகிவிட்டது. ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் எங்கள் மாமியார் தட்டிலிருந்து தலை நிமிராமல் கேட்டார்.

"நாய்க்குக்கூட வெச்சாச்சு. நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்?"

சகலைக்குப் புரை ஏறியது. பயத்தில் வந்ததோ பக்தியில் வந்ததோ, இரண்டே வாரத்தில் ஒரு மெட்டுப் போட்டார். சொல்லக்கூடாது, ஆனால் சொல்கிறேன்: அவர் போட்டதிலேயே அதுதான் உச்சம். முதல் அடியில் மெல்ல ஏறி, மூன்றாம் அடியில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கி, நாலாம் அடியில் வீடு வந்து சேர்கிற மெட்டு. கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. இதற்கு எழுதாவிட்டால் நான் எழுத்தாளனே இல்லை என்றும் தோன்றியது.

பெயர் என்ன வைப்பது என்று அத்தையிடமே போய் நின்றோம். சொந்தப் பெயரை வைக்கலாமா என்று கேட்டார் சகலை.

"அதெல்லாம் வேணாம். பேரைப் போட்டா யாரோ எவரோன்னு நினைச்சிட்டுப் போயிடுவாங்க. 'மாமியார்'னே போடுங்க. அப்பத்தான் ரெண்டு மருமகனும் எனக்குப் பயந்து நடக்கிறது நாலு பேருக்குத் தெரியும்."

அத்தை ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ். முப்பத்தாறு வருஷம் ஒரு வார்டைக் கட்டி மேய்த்தவர். ஓய்வு கொடுத்து அனுப்பியபோது வார்டை அங்கேயே விட்டுவிட்டு வரவில்லை, கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். நாங்கள் இரண்டு குடும்பமும் அவர் வீட்டில்தான் இருக்கிறோம், மாடியில் அவர்கள், கீழே நாங்கள். விடியும் முன் எழுப்புவார். கதவைத் தட்டும் பழக்கம் கிடையாது. கட்டில் காற்றோட்டமாக இல்லை என்று மாதத்துக்கு ஒருமுறை நகர்த்தச் சொல்வார். எனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம்; இந்த வார்டில் நான் ஒரு நோயாளி.

என் விஷயத்தில் அவருடைய கருத்தும் இருபத்திரண்டு வருஷமாக ஒன்றேதான்.

"மாப்பிள்ளை, ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிறது ஒரு வேலையா? அது நோயாளி பண்றது."

சகலையைச் சொல்ல மாட்டார். அவர் வாசித்தால் சத்தம் வருகிறது, கால் மிதிக்கிறது, வியர்க்கிறது. பார்த்தாலே வேலை. நானோ ஒரு பேனாவை வைத்துக்கொண்டு, 'க-ட-வுள்' என்றால் மூன்று அசை என்கிற பாட்டுப் புத்தகக் கணக்கில், அடிக்கு எட்டு அசை, ஏழு அசை என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள்; நான் ஆலயத்தின் மாதப் பத்திரிகையைப் பார்த்துக்கொள்கிறேன். மிச்ச நேரமெல்லாம் ஜன்னல்தான்.

அத்தையின் தம்பி தரைக்கும் குளியலறைக்கும் டைல்ஸ் விற்கிற கடை வைத்திருக்கிறார். எங்களுக்கு அவர் டைல்ஸ் மாமா. அவருக்கு நம்பிக்கையான ஆள் ஒருவர் தேவைப்பட்டார். அத்தை என்னைப் பார்த்தார். பிறகு சட்டம் போட்டார்.

"என் எழுபதாவது பிறந்தநாள் இந்தத் தடவை ஞாயித்துக்கிழமையில வருது. அன்னிக்கு என் மெட்டுக்குப் பாட்டு வரணும். அது பாட்டா இருந்தா நீங்க எழுதிட்டே இருங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன். இல்லேன்னா திங்கக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு டைல்ஸ் கடை."

முடியாது என்று சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நீங்கள் என் அத்தையைப் பார்த்ததில்லை.

மூன்று மாதம் இருந்தது. என் வேகத்தைப் பற்றி என் மனைவி சொல்வது: "இவர் கிறிஸ்து பிறப்புக்கு எழுத ஆரம்பிச்சா உயிர்த்தெழுதலுக்குத்தான் முடிப்பாரு." அநியாயமான பேச்சு. நான் அவசரப்படாதவன், அவ்வளவுதான். மூன்று மாதத்தில் இரண்டு அடி எழுதினேன். இரண்டும் முத்து.

வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் வார்த்தைகளை ஆலய அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். அங்கே ஆராதனைத் தாளைத் தயார்செய்து அச்செடுப்பவரை எல்லாரும் ஜெராக்ஸ் அக்கா என்போம். பதினொன்றரை மணிக்கு அவருக்குப் போன் போட்டேன்.

"அக்கா, மெட்டுப் பேரை மட்டும் இப்பப் போட்டுடுங்க. எட்டு ஏழு எட்டு ஏழு. வார்த்தை பின்னாடி வருது."

"சரி தம்பி, நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

அந்தப் 'பார்த்துக்கிறேன்'தான் என்னைக் கவிழ்த்தது. கொஞ்சம் விளக்க வேண்டும். எட்டாம் நம்பர் செருப்பு எட்டாம் நம்பர் கால் எதற்கும் பொருந்துகிற மாதிரி, ஒரே அசைக்கணக்கில் உள்ள பாட்டை அந்தக் கணக்கில் உள்ள எந்த மெட்டுக்கும் பாடலாம். பாட்டுப் புத்தகத்தின் கடைசியில் இதற்கென்றே ஓர் அட்டவணை இருக்கிறது. வார்த்தை வராவிட்டால் அட்டவணையைத் திறந்து, அதே கணக்கில், அன்றைய பிரசங்கத்துக்குப் பொருத்தமான பழைய பாட்டு ஒன்றை எடுத்துப் போடுவது அலுவலக வழக்கம். இந்த வழக்கத்தை உண்டாக்கியதே நான்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், வேறொரு பாட்டைக் கொடுக்க முடியாமல் மாட்டிக்கொண்டபோது. அதை நான் சுத்தமாக மறந்துவிட்டேன். ஜெராக்ஸ் அக்கா மறக்கவில்லை. அவர் மேல் குற்றமே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், ஆண்டவர் பிசாசுகளைத் துரத்திப் பன்றிக்கூட்டத்துக்குள் அனுப்ப, அது கடலில் பாய்ந்து செத்த பகுதி.

ஞாயிறு காலை நானும் சகலையும் எல்லாருக்கும் முன்னால் ஆலயத்துக்குப் போனோம். சட்டைப்பையில் இரண்டு அடி, மிச்சத்தை எப்படியாவது காலை வெளிச்சத்தில் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை. வாசல் மேஜையில் முந்நூறு தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. சகலை மேலே இருந்த ஒன்றை எடுத்தார். படித்தார். அப்படியே நின்றார். நான் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

பிரசங்கத்துக்குப் பின் சபையார் பாடுவது:

*பழைய பாம்பே ஓடிப்போ*
*மெட்டு: மாமியார்*

பாம்பு என்றால் சாத்தான். கீழே நான்கு சரணங்கள். 'பாதாளம் போய்ச் சேர்ந்துகொள்' என்பது அவற்றிலேயே சாதுவான வரி.

"சகலை" என்றார் அவர், காற்றுப் போன குரலில். "மாடி வீட்டை நான் காலி பண்ணணுமா, இல்ல ஊரையே காலி பண்ணணுமா?"

"உங்களுக்கென்ன? உங்க மெட்டு நல்லாத்தான் இருக்கு. பாம்பு என் பொறுப்பு."

"பேரை அடிச்சிடலாமா?"

"பேரைப் பார்க்கத்தானே அத்தை வர்றாங்க! அவங்க தங்கச்சி, டைல்ஸ் மாமா, பழைய நர்ஸுங்க பதினோரு பேரு, எல்லாரையும் கூட்டிட்டு வர்றாங்க. பேரு இல்லேன்னா அங்கேயே வார்டைத் திறந்துடுவாங்க."

"அப்ப பாம்பை அடிப்போம்."

ஆளுக்கொரு கருப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு பாம்பை அடிக்க உட்கார்ந்தோம். ஐம்பதைத் தாண்டிய இரண்டு ஆண்கள், கோட்டுப் போட்டுக்கொண்டு, ஆலய வாசலில் குத்துக்காலிட்டு. பதினேழு தாள் முடிவதற்குள் என் பேனா உயிரை விட்டது. அதைவிட மோசம், அடித்த தாளை வாங்கிய முதல் மனிதர் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, என்ன அடித்திருக்கிறார்கள் என்று படித்துவிட்டார். படித்தவர் சும்மா இருக்காமல் பக்கத்தில் இருந்தவருக்கும் காட்டினார். அடிக்காமல் விட்டிருந்தால் பாதிப் பேர் கவனித்தே இருக்க மாட்டார்கள்.

அதற்குள் கார் வந்து நின்றது. அத்தை இறங்கினார். புதுப் புடவை, பழைய நடை. பின்னால் அணிவகுப்பு. நேராக மேஜைக்கு வந்து, நான் மறைத்து வைத்திருந்த கட்டிலிருந்தே ஒரு தாளை உருவினார். படித்தார். மேலிருந்து கீழ்வரை, நான்கு சரணத்தையும், ஜுரக் கணக்கைப் படிப்பதுபோல ஒவ்வொரு வரியாக. முகத்தில் ஈ ஆடவில்லை. தாளை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டு, பையைச் சொடுக்கி மூடி, முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார்.

அவர் தங்கை எங்கள் சின்னத்தை. தாளைப் படித்துவிட்டு முகத்தைப் பாட்டுப் புத்தகத்தால் மூடிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. ஜெபம் செய்கிறார் என்று நினைத்தவர்களும் உண்டு.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டைல்ஸ் கடை போகட்டும். எழுபது வயதில், கூப்பிட்டவர்களுக்கு நடுவில், ஒரு மனுஷி தன் பெயர் போட்ட தாளைப் பையில் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதற்குக் காரணம் நான். வெட்கமாக இருந்தது. பின்வாசல் வழியாகப் போதகர் அறைக்கு ஓடினேன்.

போதகர் அங்கி மாட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். தாளை வாங்கிப் படித்தவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பி வர ஒரு நிமிடம் ஆயிற்று. கண்ணில் தண்ணீர்.

"உங்க பாட்டுக்கு வார்த்தை இருக்கா, இல்லையா?"

"இருக்கு ஐயா" என்றேன். போதகர் அறையில் நின்று, அங்கி போட்டவர் முகத்துக்கு நேரே புளுகினேன். மன்னிப்பு கேட்டாயிற்று, பிறகு.

"அப்ப கவலையே இல்ல. அந்தக் காலத்துல படிக்கத் தெரியாத சபைக்கு எப்படிப் பாடுனாங்க? ஒருத்தர் முன்னாடி நின்னு ஒரு அடி சொல்லுவாரு, சபை அதைப் பாடும். அடுத்த அடி சொல்லுவாரு, அதைப் பாடும். தாளே வேணாம். நீங்க நின்னு சொல்லுங்க."

"மூணு சரணமா ஐயா?"

"மூணு சரணமாவது வேணும். பிறந்தநாள் இல்லையா?"

என் கணக்கு இதுதான்: அவர் பிரசங்கம் எப்போதும் ஐம்பது நிமிடம். பன்றிக்கூட்டம் என்றால் எழுபது. அதற்குள் ஒரு சரணமாவது தேறும். அன்றைக்கென்று பார்த்து அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பன்னிரண்டே நிமிடத்தில் பன்றிகள் கடலில் விழுந்தன. சபையே ஆனந்தத்தில் ஆமென் சொன்னது. என் கையிலிருந்த காகிதத்தில் அதே இரண்டு அடிகள்தான்.

ஆர்கன் தொடங்கியது. போதகர் எழுந்து, தாளில் உள்ளதைப் பாட வேண்டாம், இன்றைக்குப் பழைய முறையில் பாடுவோம் என்றார். நான் முன்னால் போய் நின்றேன். எனக்கு நேர் எதிரே, ஒரு கை தூரத்தில், அத்தை மடியில் கைப்பையோடு.

கையில் இருந்த முத்துகளை எடுத்து விட்டேன்.

*விடியும் முன் எழுப்புவாய்,*

சபை பாடியது. மெட்டு ஏறியது.

*கடிந்து காத்திடுவாய்.*

கையிருப்பு தீர்ந்தது. மூன்று மாதத்தில் இரண்டு அடி எழுதியவன், இனி சபை ஒரு அடியைப் பாடி முடிக்கிற நேரத்துக்குள் அடுத்த அடியை எழுத வேண்டும். சகலை என் முகத்தை ஆர்கன் மேல் மாட்டியிருந்த கண்ணாடியில் பார்த்துவிட்டார். அடிக்கும் அடிக்கும் நடுவே ஆர்கனில் சுற்றிவளைத்து ஊர்கோலம் போனார். அந்த ஊர்கோலத்தில்தான் உயிர் பிழைத்தேன். யோசிக்க நேரமில்லாததால் வாயில் வந்ததைச் சொன்னேன்.

*படியில் நான் வழுக்கினால்,*
*பிடித்துத் தூக்கிடுவாய்.*

எதுகை விழுந்தது, அசை சரியாக இருந்தது. எனக்கே ஆச்சரியம். கடவுளைப் பாடுவதாகத்தான் நினைத்துக்கொண்டு இரண்டாம் சரணத்தில் இறங்கினேன். ஆனால் கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது கடவுள் இல்லையே.

*தட்டாமல் உள்ளே வருவாய்,*

போதகர் புருவத்தைத் தூக்கினார். வேதத்தின்படி ஆண்டவர் கதவைத் தட்டுகிறவர். அதற்குள் சபை பாடிவிட்டது.

*கட்டில் நகர்த்தச் சொல்வாய்,*

மூன்றாம் வரிசையில் ஒரு சபை மூப்பர் கண்ணை மூடித் தலையாட்டினார். படுக்கையை எடுத்துக்கொண்டு நட என்று ஆண்டவர் கைகால் முடங்கிய திமிர்வாதக்காரனுக்குச் சொன்னதை நான் நுட்பமாகத் தொட்டிருப்பதாக அவர் பிறகு எனக்கே விளக்கினார். முந்நூறு பேர் உருக்கமாக, நாலு குரலில், கட்டிலை நகர்த்தினார்கள். இரண்டாம் வரிசையில் என் மனைவி பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடத் தொடங்கியிருந்தாள்.

*எட்டு மணி அடித்தாலே,*
*திட்டி விளக்கணைப்பாய்.*

பதினோரு நர்ஸுகளும் ஒரே நேரத்தில் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை பார்வை என்மேலேயே இருந்தது. இதற்குமேல் இழக்க என்ன இருக்கிறது? மூன்றாம் சரணத்துக்கு வந்தேன்.

*நோயில் நான் கிடந்தபோது,*

இது ஏன் வாயில் வந்தது என்று தெரியாது. கல்யாணமான புதிதில் எனக்கு விஷக்காய்ச்சல் வந்தது. மனைவி பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் வீட்டில் பிதற்றிக்கொண்டு கிடந்தேன். இருபது வருஷமாக அதை நான் நினைத்ததே இல்லை.

*நீயே பக்கம் இருந்தாய்,*
*வாயில் மருந்தூற்றிவிட்டு,*

நாலாம் அடி வரவில்லை. எதுகை தெரியும், எண்ணிக்கை தெரியும், ஆனால் வந்தது அழுகைதான். சகலை ஊர்கோலம் போனார், இரண்டாம் தரம் போனார், இனிமேல் போக ஊர் இல்லை என்ற நிலையில் ஒரே சுரத்தை அழுத்திக்கொண்டு நின்றார். ஆலயம் முழுக்க அந்த ஒற்றைச் சத்தம். முந்நூறு பேரும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அத்தைக்குத் தாமதம் பிடிக்காது. உட்கார்ந்த இடத்திலிருந்தே, வார்டின் கடைசிக் கட்டில்வரை கேட்கிற குரலில் சொன்னார்:

*"பாயில் கீழே படுத்தாய்!"*

எண்ணிப் பாருங்கள். ஏழு அசை. நோயில், நீயே, வாயில், பாயில். எதுகை சுத்தம். அவர் பாட்டு எழுதவில்லை. நான் 'பக்கம்' என்று பொதுவாகச் சொன்னதைத் திருத்தினார், அவ்வளவுதான். நோயாளி கட்டிலில், அவர் பாயில், கீழே. நடந்தது அதுதான். ஆனால் சபைக்கு அது வேறாகக் கேட்டது. கடவுள் இறங்கிவந்து நோயாளியின் கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்துக்கொண்டார். மெட்டு வீடு வந்து சேர்ந்தது. கேட்கிறபோது எனக்குச் சிலிர்த்தது. சபை அந்த அடியை யாரும் சொல்லாமலே மூன்று தரம் பாடியது.

ஆராதனை முடிந்து முற்றத்தில் அத்தையைச் சுற்றிக் கூட்டம். அந்தக் கடைசி அடி, அந்தக் கடைசி அடி என்று ஆளாளுக்குக் கையைப் பிடித்தார்கள். போதகர் அடுத்த மூன்று வாரத்துக்கும் அந்தப் பாயை வைத்தே பிரசங்கம் செய்யப்போவதாகச் சொன்னார். நான் ஓரமாக நின்றேன். கூட்டம் கலைந்ததும் அத்தை எங்கள் இருவரையும் விரலால் கூப்பிட்டார்.

"அத்தை, அந்தத் தாள்ல வந்தது…" என்று ஆரம்பித்தார் சகலை.

"அதுக்கென்ன? நல்லாத்தானே இருக்கு! என் மெட்டைக் கேட்டா சாத்தானே தலைதெறிக்க ஓடுறான். யாருக்குக் கிடைக்கும் இந்த மரியாதை? கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப் பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன்." கைப்பையைத் தட்டிக்காட்டினார். "எந்த முட்டாள் பேனாவால கிறுக்கினது? என் தங்கச்சி கையில இருந்ததைப் பார்த்தேன். அசிங்கமா."

சகலை என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"மாப்பிள்ளை" என்றார் என்னிடம். பாட்டு நன்றாக இருந்ததை உலகமே ஒத்துக்கொண்டுவிட்டது. இனி அவர் சொல்ல வேண்டியது 'எழுதிட்டே இருங்க' ஒன்றுதான். அவர் சொன்னது: "இவ்வளவுதானா இது? வாயைத் திறந்தேன், வந்துடுச்சு. இதுக்கா நீங்க மூணு மாசம் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க? இனிமே பாட்டை நான் எழுதிக்கிறேன். நீங்க காலையில ஒன்பது மணிக்குக் கடைக்குப் போயிடுங்க."

தலையில் இடி விழுந்தால்கூட அதற்கு முன்னால் ஒரு மின்னல் வரும். இதற்கு அதுவும் இல்லை.

போனேன். டைல்ஸ் கடை மோசமான இடமில்லை, ஆனால் அங்கே ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் மாதிரிப் பலகைகள். பெட்டியை நெட்டுக்குத்தாக அடுக்க வேண்டும், படுக்கப் போட்டால் விரிசல் விடும். குளியலறைத் தரைக்கு வழுவழுப்பு கூடாது. டைல்ஸ் இடுக்கில் அடைக்கும் பூச்சு சாம்பல் நிறமா, தந்த நிறமா என்று புருஷனும் பெண்டாட்டியும் என் கண்ணெதிரே விவாகரத்து வரை போய்த் திரும்புவார்கள். நான் எட்டு, ஏழு, எட்டு, ஏழு என்று டைல்ஸை எண்ணிக்கொண்டே நடப்பதைப் பார்த்து மாமா, "மாப்பிள்ளைக்குக் கணக்கு நல்லா வருது" என்றார். எனக்கு அழுகை வந்தது.

அத்தை முதல் பாட்டை ஒரே நாளில் முடித்தார். பரவாயில்லாமல் இருந்தது, கடவுள் எல்லாருடைய நகத்தையும் வெட்டச் சொல்வதாக ஒரு வரி. இரண்டாவது பத்து நாள் பிடித்தது. அதற்குள் பெயர் பரவி, ஆலய ஆண்டுவிழாவுக்கு ஒரு பெரிய பாட்டு எழுதித் தரும்படி மூப்பர்களே வீட்டுக்கு வந்து கேட்டார்கள். அத்தை சரி என்றார். அதன்பிறகு வீட்டில் என்னமோ ஆயிற்று. யாரையும் விடியும் முன் எழுப்புவதில்லை. கட்டில் ஒரு மாதமாக அதே இடத்தில் இருந்தது. சகலை கடைக்குப் போன் பண்ணிப் புலம்பினார்.

"சகலை, ஒரே அடியை அறுபது தரம் வாசிக்கச் சொல்றாங்க. நான் வாசிக்கிறேன், அவங்க ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. எனக்குப் பயமா இருக்கு."

ஒரு புதன்கிழமை மதியம் அத்தை கடைக்கே வந்துவிட்டார். நான் ஏணிமேல் நின்று பலகையை மாட்டிக்கொண்டிருந்தேன். கடை நடுவே விற்பனைக்கு வைத்திருந்த வெள்ளைக் கழிப்பறை ஒன்றின் மூடிமேல், சுற்றுமுற்றும் பார்க்காமல், அப்படியே உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது. கையில் கசங்கின காகிதம். இரண்டு வாடிக்கையாளர்கள் மரியாதையாக நகர்ந்து போனார்கள்.

இறங்கி வந்தேன். அத்தை காகிதத்தை நீட்டினார். அடித்து, திருத்தி, மறுபடி அடித்து, ஓரமெல்லாம் எண்கள். மூன்று அடி நின்றது. நாலாவது இடம் காலியாக இருந்தது.

"எத்தனை நாளா, அத்தை?"

"பத்தொன்பது நாளா. தூங்கினா வருது, எழுந்தா போயிடுது. எட்டு வருது, ஏழு வர மாட்டேங்குது. ஏழு வந்தா சொல்ல நினைச்சது வர மாட்டேங்குது." குரல் இறங்கிவிட்டது. முப்பத்தாறு வருஷத்தில் எந்த டாக்டரிடமும் அவர் அந்தக் குரலில் பேசியிருக்க மாட்டார். "இருபத்திரண்டு வருஷம் எப்படி மாப்பிள்ளை இதைப் பண்ணீங்க? அதுவும் வீட்டுல நான் இருக்கும்போது?"

பக்கத்தில் இருந்த இன்னொரு கழிப்பறையின் மூடிமேல் நானும் உட்கார்ந்தேன். காகிதத்தை இருவர் மடிக்கும் நடுவே வைத்து, முதல் அடியிலிருந்து மெல்லப் பாடிப் பார்த்தோம்.

கிடங்கிலிருந்து டைல்ஸ் மாமா சத்தம் போட்டார். "மாப்பிள்ளை! வண்டி வந்து நிக்குது, பெட்டி இறக்கணும்!"

அத்தை தலையை நிமிர்த்தினார்.

"வேற ஆளைப் பாருடா தம்பி. அவருக்கு வேலை இருக்கு."